ஆங்கிலம் இழந்த 'நீ'யும் தேடிய 'அவரும்'

ஆங்கில அரிச்சுவடியை முடித்து வாக்கியம் அமைக்கத் தொடங்கும் நம் வீட்டுப் பிள்ளைகள் கேட்கும் முதற் கேள்வி பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். "ஆசிரியரையும் 'யூ' என்கிறோம்; தம்பியையும் 'யூ' என்கிறோம்; வீட்டு நாயையும் 'யூ' என்கிறோம். வெள்ளைக்காரருக்கு மரியாதை தெரியாதா?" இக்கேள்விக்குப் பெரியவர்கள் கூறும் விடையும் பெரும்பாலும் ஒன்றே. "அந்தப் பாஷையில் எல்லாரும் 'நீ' தான், பிள்ளை!"

விடை தவறானது, உண்மை இதற்கு நேர்மாறு. 'யூ' என்ற சொல்லின் பிறப்பை ஆராய்ந்தால் அது 'நீங்கள்' என்பதாகும். ஆங்கிலம் தொலைத்துவிட்டது 'நீ' என்ற சொல்லையே. ஆங்கிலேயர் தம் நாயையும் 'நீங்கள்' என்றே விளிக்கின்றனர்!

இஃது எவ்வாறு நேர்ந்தது என்பதை அறிந்துகொண்டால், இன்று ஆங்கிலம் பேசும் நாடுகளில் 'அவன்', 'அவள்', 'அவர்' என்னும் சொற்களைக் குறித்து நடைபெறும் பெரும் பூசல் நமக்கு எளிதில் விளங்கும். லண்டனிலோ தொரன்தோவிலோ படிக்கும் நம் பேரப்பிள்ளைகள் எழுதும் ஆங்கிலம் நாம் படித்த ஆங்கிலத்திலிருந்து ஏன் மாறி நிற்கின்றது என்பதும் ஓரளவு புலப்படும்.

பழைய ஆங்கிலத்தில் ஒருவரை விளிப்பதற்குத் 'தௌ' என்ற சொல்லும், பலரை விளிப்பதற்கு 'யீ' என்ற சொல்லும் இருந்தன. அந்த 'யீ' வேற்றுமை ஏற்றபோது பெற்ற வடிவமே 'யூ'. 'உங்களை', 'உங்களுக்கு' என்பன போல என்று கொள்க. 1066 ஆம் ஆண்டில் நோர்மானியர் இங்கிலாந்தை வென்ற பின்னர் அரசவையில் பிரெஞ்சு மொழி வீற்றிருந்தது. பிரெஞ்சுக்காரர் பெரியோரைப் பன்மையில் விளிப்பவர்கள். அதனைப் பார்த்து, 1200களின் பின், ஆங்கிலேயரும் மேலோரைப் பன்மையால் விளிக்கப் பழகினர். பிரபு தம் வேலைக்காரனைத் 'தௌ' என்பார். வேலைக்காரன் பிரபுவை 'யூ' என்பான். தாய் மகனைத் 'தௌ' என்பாள். மகன் தாயை 'யூ' என்பான். நீ, நீர், நீங்கள் என்று மூன்று படிகளில் ஏறியும் இறங்கியும் பழகிய யாழ்ப்பாணத்தவர்க்கு இந்த இரண்டு படிகளை விளங்கிக்கொள்வதில் சிரமம் இராது.

படி என்று ஒன்று இருந்தால், அதிலிருந்து ஒருவரைக் கீழே தள்ளிவிடவும் முடியும் அன்றோ? 1603 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் சேர் வோல்ட்டர் றாலி என்ற புகழ் பெற்ற கடலோடி, அரசனுக்கு எதிராகச் சதி செய்தார் என்ற குற்றச்சாட்டின் பேரில் வின்செஸ்டர் நகரில் விசாரிக்கப்பட்டார். அரசுக்காக வழக்காடியவர் சட்டமா அதிபர் எட்வேட் கோக். சாட்சியத்தில் வலு குறைந்த இடத்தில் அவர் நாவின் வலுவைக் காட்டினார். எலிசபெத் அரசியின் அவையில் அருகிருந்த அந்தப் பெருமகனைத் துரோகி என்று ஏசியதோடு நில்லாது, 'நான் உன்னை ஒருமையிலேயே அழைப்பேன்' என்ற பொருள்படத் 'தௌ' என்பதையே வினைச்சொல்லாக்கி முகத்தில் எறிந்தார். ஏறத்தாழ அதே காலத்தில் எழுந்த ஷேக்ஸ்பியரின் 'பன்னிரண்டாம் இரவு' நாடகத்திலும், எதிரியைச் சண்டைக்கு அழைக்கும் கடிதத்தில் இரண்டு மூன்று இடத்தில் 'தௌ' போட்டு எழுதுமாறு ஒரு பாத்திரம் மற்றொரு பாத்திரத்துக்கு யோசனை சொல்லுகின்றது. 'நீ, நான் என்று பேசிவிட்டான்' என்று நம் ஊர்களில் வேலிச்சண்டை முற்றுவதை அறிந்தவர்கள் இக்காட்சியை உரை இல்லாமலே சுவைப்பார்கள்.

தந்தையை 'நீ' என்ற மகன்

இவ்வாறு இருக்கும்போது, 1650களில், ஜோர்ஜ் பொக்ஸ் என்பாரின் வழிநின்ற குவேக்கர் சமயத்தார் ஒரு விபரீதமான காரியத்தைச் செய்தனர். கடவுள் முன்னிலையில் மனிதர் யாவரும் சமம். ஆதலால் நீதிபதியையும் பிரபுவையும் பெற்ற தந்தையையும் 'தௌ' என்றே விளிப்போம். எவருக்காகவும் தொப்பியைக் கழற்ற மாட்டோம் என்றனர். சொன்னதோடு நில்லாமல் செய்தும் காட்டினர். அதற்காக அடியும் உதையும் பட்டனர்.

தொமஸ் எல்வூட் என்ற இளைஞர் தாம் பட்டதைத் தம் சுயசரிதையில் விரிவாக எழுதியுள்ளார். பிற்காலத்தில், கண்பார்வை இழந்திருந்த மகாகவி மில்டனுக்கு நூல்களைப் படித்துக் காட்டியவர் இவர். தந்தையின் முன் தொப்பியைக் கழற்றாது நின்றதே அவ்வீட்டில் பெருங்குற்றம். அதன் மேல், பேச்சின் நடுவே தந்தையைத் 'தௌ' என்றபோது அவருடைய கோபம் எல்லை கடந்தது. அடித்தார்; இனி அந்தச் சொல் வாயில் வந்தால் பல்லை உடைப்பேன் என்று மிரட்டினார். மகனோ பணிவு குறையாமல், தாம் கற்ற சத்தியத்தை விட இயலாது என்று நின்றார். ஒரு வீட்டின் அமைதி முழுவதும் ஓரசைச் சொல்லொன்றால் குலைந்த கதை இது. தந்தைக்கு அஃது இலக்கணப் பிரச்சினை அன்று. மகன் தன்னை மதிக்கவில்லை என்ற புண். மகனுக்கும் அஃது இலக்கணப் பிரச்சினை அன்று. பொய்யான முகமன் கூறும்படி தன் நாவைக் கட்டாயப்படுத்துகின்றார்களே என்ற வருத்தம்.

ஆயினும் குவேக்கர் இலக்கணத்தையும் துணைக்கு அழைத்தனர். 1660 இல் பொக்ஸும் அவருடைய நண்பர் இருவரும் சேர்ந்து தடித்த நூல் ஒன்றை வெளியிட்டனர். ஒருமைக்கு ஒருமைச் சொல், பன்மைக்குப் பன்மைச் சொல் என்பதே உலகத்து மொழிகளின் நியதி. ஒருவரைப் பார்த்து 'யூ' என்பது வழு என்று பல மொழிகளிலிருந்தும் சான்று காட்டி வாதிட்டனர். இலக்கணத் தராசில் நிறுத்தால் அவர்கள் சொன்னதே சரி. உலகம் கேட்கவில்லை. எவரை 'யூ' என்பது, எவரைத் 'தௌ' என்பது என்ற ஐயம் நகரங்களில் வளர்ந்துகொண்டே போயிற்று. புதிதாகப் பணம் படைத்த வணிகரையும், உடையைப் பார்த்து நிலையை அறிய முடியாத அயலாரையும் தினந்தோறும் சந்திக்க நேர்ந்தபோது, மரியாதையைக் குறைத்துப் பகை தேடுவதைவிடக் கூட்டிக் கொடுத்துவிடுவது நட்டமில்லாத வியாபாரமாகப் பட்டது. எல்லாரும் எல்லாரையும் 'யூ' என்றனர். 1700களில் 'தௌ' பொதுப்பேச்சிலிருந்து ஒதுங்கி, வடக்கே யோர்க்ஷயர், லங்காஷயர் பகுதிகளின் கிராமப் பேச்சிலும், கவிதையிலும், செபத்திலும் அடைக்கலம் புகுந்தது.

செபத்தில் அது நிலைத்ததால் ஒரு வேடிக்கையும் நேர்ந்தது. கடவுளை மட்டும் 'தௌ' என்று விளித்துப் பழகிய பிற்காலத்தார், அதனை மிக உயர்ந்த மரியாதைச் சொல் என்று எண்ணிவிட்டனர். உண்மையில் அது, தேவார ஆசிரியர்கள் இறைவனை 'நீ' என்பது போன்ற அன்புரிமைச் சொல்லே.

'யூ' ஒருவருக்கும் உரியதாகிய பின்னர், அதற்கு எந்த வினையைக் கொடுப்பது என்ற சிக்கல் எழுந்தது. 1700களில் நன்றாகப் படித்தவர்களும் ஒருவரை நோக்கும்போது 'யூ வொஸ்' என்று ஒருமை வினையால் முடித்தனர். பலரை நோக்கும்போது 'யூ வேர்' என்றனர். ஒருமையும் பன்மையும் பிரிந்து தெரிந்த அழகான ஏற்பாடு! பின்னாளில் லண்டன் பேராயராக உயர்ந்த றொபேட் லோத், 1762 இல் வெளியிட்ட இலக்கணச் சிறுநூலில் இதனைப் பெரும் பிழை என்று கண்டித்தார். அன்று தொட்டு 'யூ வொஸ்' படியாதவர் பேச்சாகிவிட்டது. ஒருவரையே நோக்கினாலும் பன்மை வினைதான் இலக்கணம் என்றாயிற்று. இதனை மனத்திற் கொள்க; பின்னர் வேண்டியிருக்கும்.

'யூ' ஒருமைக்குப் போய்விட்டதால் பன்மைக்கு ஆள் இல்லாமற் போயிற்று. அமெரிக்கத் தென்மாநிலத்தார் 'யூ ஓல்' என்பதைச் சுருக்கி 'யோல்' என்றனர். அயர்லாந்திலும் லிவர்பூலிலும் அவுஸ்திரேலியாவின் சில இடங்களிலும் 'யூஸ்' என்றனர். இப்போது இளைஞர் வாயில் மிகுதியாக வழங்குவது 'யூ கைஸ்' என்பது. இந்தக் 'கை' யார் என்று அறிந்தால் வியப்பீர்கள். 1605 இல் பாராளுமன்றத்தை வெடிமருந்து வைத்துத் தகர்க்க முயன்று பிடிபட்ட கை போக்ஸ் என்பவனே அவன்! ஆண்டுதோறும் நவம்பர் 5 ஆம் திகதி எரிக்கப்படும் அவனுடைய கந்தல் பொம்மைக்கு அப்பெயர் ஏற்பட்டது. பின் கோமாளி போல் உடுத்தவனைக் குறித்தது. அமெரிக்கா சென்று 'ஆள்' என்ற பொதுப்பொருள் பெற்றது. இன்று பெண்கள் மட்டுமே கூடியிருக்கும் சபையிலும் 'யூ கைஸ்' என்கின்றனர். எங்களை ஏன் ஆண்பெயரால் அழைக்கின்றீர்கள் என்று அப்பெண்களிற் சிலர் கேட்கத் தொடங்கியுள்ளனர். இந்தக் கேள்வி புதியதன்று என்பதைத்தான் இனிக் காணப் போகின்றோம்.

'அவன்' என்றால் அவளுமா?

'ஒவ்வொரு மாணவனும் தன் புத்தகத்தைக் கொண்டுவர வேண்டும்' என்ற வாக்கியத்தை ஆங்கிலத்தில் எழுதுக என்று கேட்டால், முன்னாளில் ஆங்கிலம் படித்தவர்கள் தயங்காமல் 'ஹிஸ் புக்' என்று எழுதுவார்கள். வகுப்பில் பாதிப் பேர் பெண்களாயிருந்தாலும் அதுவே விதி. எங்கள் ஊரில் ஓய்வு பெற்ற ஆங்கில உபாத்தியாயர் ஒருவர் இருந்தார். எவராவது 'எவ்ரிவன்' என்று தொடங்கித் 'தெயர்' என்று முடித்துவிட்டால், தாளில் சிவப்பு மை ஓடும், "ஒருத்தனுக்குப் பின்னாலே பலர் எப்படி வருவர்?" என்று அவர் கேட்கும் கேள்வி வீதிவரை கேட்கும்.

தமிழ் இலக்கணம் கற்றவர்க்கு இந்தக் கேள்வி புதிதன்று. 'அவர்' என்பதும் 'வந்தார்' என்பதும் பழந்தமிழில் பலர்பாலுக்கு உரியவை. ஒருவரை உயர்த்திச் சொல்லும்பொருட்டு அவற்றை வழங்கினார்கள். தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் இதனைக் கவனித்து, ஒருவரைப் பன்மையாற் கூறுவது உலகவழக்கில் உயர்த்திச் சொல்லும் சொல். இலக்கண நெறியால் வந்தது அன்று என்று இரண்டு பக்கத்தையும் சொல்லி வைத்தார். வெட்டவும் இல்லை, விதியாக்கவும் இல்லை. 'ஒருவர்' என்ற சொல்லோ இன்னும் நுட்பமானது. அஃது ஆண், பெண் ஆகிய இருபாற்கும் பொது, பொருளில் ஒருமை, ஆனால் பன்மை வினை கொள்ளும் என்பது நன்னூலாரும் கூறும் விதி. இத்தகையவற்றுக்காக 'வழுவமைதி' என்ற அருமையான சொல்லையும் நம் இலக்கணகாரர் ஆக்கி வைத்தனர். (ஆயினும் நாம் மிகவும் பெருமைப்பட வேண்டியதில்லை. எழுத்தில் இருபாலார்க்கும் 'அவர்' என்கிறோம். யாழ்ப்பாணத்துப் பேச்சிலோ 'அவர்' என்றால் ஆண், பெண்ணுக்கு 'அவா' என்று பிரித்துவிட்டோம்.)

ஆங்கிலத்தின் 'தே' என்ற சொல்லும் நம் 'ஒருவர்' சென்ற வழியிலேயே சென்றது. 'தே' ஆங்கிலத்துக்கே உரிய சொல்லும் அன்று. இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறிய ஸ்கந்திநேவியரிடமிருந்து வந்தது. வந்து வேரூன்றிச் சிறிது காலத்துக்குள்ளேயே, ஆணா பெண்ணா என்று அறியப்படாத ஒருவரைச் சுட்டவும் அது பயன்பட்டது. 1300களின் பிற்பகுதியிலிருந்து எழுத்தில் சான்றுகள் உண்டு. ஷேக்ஸ்பியர் எழுதினார், ஜேன் ஒஸ்டின் தம் நாவல்களில் கூச்சமின்றி எழுதினார். பேச்சிலோ அஃது எக்காலத்திலும் மறைந்ததில்லை.

அதனைப் பிழை என்று வகுத்தவர்கள் 1700களின் இலக்கண ஆசிரியர்கள். 1795 இல் லிண்ட்லி மறே என்பவர் எழுதிய இலக்கணம் இலட்சக்கணக்கில் விற்று, ஆங்கிலம் சென்ற தேசமெல்லாம் சென்றது. அதன் பயிற்சிகளில் இந்தத் 'தே'யைத் திருத்தி 'ஹீ' ஆக்கும்படி மாணாக்கர்க்குக் கட்டளை உண்டு. மறே பிறப்பால் குவேக்கர் சமயத்தவர்! ஒருமைக்கு ஒருமையே வேண்டும் என்று அடிபட்டவர்களின் வழியில் வந்தவர், 'யூ'வை விட்டுவிட்டுத் 'தே'யில் அந்த நியதியைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

பள்ளிக்கூடத்தில் இருந்தவரையில் இந்த விதியால் எவருக்கும் பெரிய கேடு இல்லை. 1850 இல் அது பாராளுமன்றத்துள் நுழைந்தது. சட்டங்களின் நீளத்தைக் குறைப்பதற்கென்றே புறூம் பிரபு கொண்டுவந்த சட்டமொன்று, ஆண்பாலைக் குறிக்கும் சொற்கள் பெண்களையும் உள்ளடக்கும் என்று விதித்தது. நல்லது, 'அவன்' என்றால் அவளும்தான்.

1867 இல் வாக்குரிமையை விரிக்கும் சீர்திருத்தச் சட்டம் விவாதத்துக்கு வந்தது. அதில் வாக்காளரைக் குறிக்க 'மேன்' என்ற சொல் இருந்தது. தத்துவ அறிஞராகிய ஜோன் ஸ்ருவேட் மில் அப்போது வெஸ்ட்மின்ஸ்டர் தொகுதியின் பிரதிநிதி. அந்த ஒரு சொல்லை எடுத்துவிட்டு 'ஆள்' என்று பொருள்படும் 'பேர்சன்' என்ற சொல்லை இடுக என்று அவர் திருத்தம் கொணர்ந்தார். ஆதரவு 73, எதிர்ப்பு 196. திருத்தம் தோற்றது. ஆனால் மஞ்செஸ்டர் நகரப் பெண்கள் சட்டப் புத்தகத்தைத் திறந்து பார்த்தனர். ஆண்பாற் சொல் பெண்களையும் உள்ளடக்கும் என்று 1850 ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகின்றதே! அப்படியானால் 'மேன்' என்ற சொல்லுக்குள் நாங்களும் இருக்கின்றோம் என்று 5,000க்கும் மேற்பட்ட பெண்கள் வாக்காளர் இடாப்பில் தம் பெயரைப் பதியக் கோரினர். 1868 இல் வழக்கு நீதிமன்றம் சென்றது. பெண்களுக்காக வாதாடியவர்களுள் ஒருவர் றிச்சட் பாங்க்ஹேர்ஸ்ட். பிற்காலத்தில் பெண் வாக்குரிமைப் போராட்டத்தின் தலைவியாகப் புகழ் பெற்ற எமலினை மணந்தவர். நீதியரசர்கள் பெண்களின் கோரிக்கையைத் தள்ளினர். வாக்களிக்கும் இடத்தில் 'மேன்' என்பது ஆணை மட்டுமே குறிக்கும் என்பது தீர்ப்பு.

ஆக, வரி கட்டச் சொல்லும்போதும் தண்டனை விதிக்கும்போதும் 'அவன்' என்பதற்குள் அவளும் இருந்தாள். வாக்குச்சாவடி வாசலில் மட்டும் வெளியே நிறுத்தப்பட்டாள். இலக்கண விதி நடுநிலையானது என்று சொல்வோர் இந்த வழக்கைச் சற்று நின்று நோக்க வேண்டும்.

மில் கேட்ட 'ஆள்' என்ற சொல் கிடைத்திருந்தாலும் கதை முடிந்திராது போலும். கனடாவின் அரசியலமைப்பில் மேற்சபைக்குத் தகுதியான 'ஆட்கள்' என்றே இருந்தது. பெண்கள் அந்த 'ஆட்கள்' ஆகார் என்று 1928 இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அல்பேட்டா மாகாணத்துப் பெண்கள் ஐவர் விடவில்லை. அக்காலத்தில் இலங்கை வழக்குகளும் இறுதியிற் சென்று சேர்ந்த லண்டன் கோமறைக் கழகத்துக்கு மேன்முறையீடு செய்தனர். 1929 ஒக்டோபரில், பெண்களும் ஆட்களே என்று தீர்ப்புக் கிடைத்தது! அடுத்த இரண்டாண்டில், டொனமூர் அரசியற்றிட்டத்தின் கீழ், 1931 இல் இலங்கைப் பெண்கள் ஆண்களுக்குச் சமமாக வாக்களித்தனர் என்பதையும் இங்கே சேர்த்து எண்ணிக்கொள்ளலாம்.

புதுச் சொல் படைத்து இத்தொல்லையைத் தீர்க்க முயன்றோரும் உண்டு. அமெரிக்கரான சார்ள்ஸ் கொன்வேர்ஸ் 'தொன்' என்றொரு சொல்லை ஆக்கினார். இயேசுவை நண்பராகப் போற்றும் புகழ் பெற்ற ஆங்கிலக் கீர்த்தனைக்கு மெட்டமைத்தவரும் இவரே. மெட்டு உலகெங்கும் பாடப்படுகின்றது. சொல்லை எவரும் எடுக்கவில்லை. 1934 ஆம் ஆண்டு வெப்ஸ்டர் பேரகராதியில் இடம் பெற்ற 'தொன்', 1961 ஆம் ஆண்டுப் பதிப்பில் வெளியேறியது.

சொல் ஆக்கி வெற்றி கண்ட இடமும் ஒன்று உண்டு. அது பெயருக்கு முன் வரும் பட்டம். ஆணுக்கு 'மிஸ்டர்' ஒன்றே போதும். பெண்ணாயின் மணமாகாதவர் 'மிஸ்', மணமானவர் 'மிஸிஸ்'. இரண்டும் 'மிஸ்ட்ரஸ்' என்ற ஒரே சொல்லின் சிதைவுகள். 1700களில் மணமாகாத மதிப்புக்குரிய பெண்களும் 'மிஸிஸ்' என்றே வழங்கப்பட்டனர். பிற்காலத்திலேதான் தாலியை எழுத்தில் தேடும் வழக்கம் உறுதியாயிற்று. எம், எஸ் என்ற இரண்டே எழுத்துக்களால் ஆன பொதுப் பட்டம் ஒன்றை 1901 ஆம் ஆண்டில் மசசூசெட்ஸ் மாநிலத்துப் பத்திரிகையொன்று பிரேரித்தது. (தமிழில் எழுதினால் அதுவும் 'மிஸ்' என்றே வரும், ஆங்கிலேயர் கடைசி ஒலியை அதிரச் சொல்லி வேறுபடுத்துவர்.) அதனை எவரும் பொருட்படுத்தவில்லை. 1972 இல் அதையே பெயராகக் கொண்ட பெண்கள் சஞ்சிகை ஒன்று நியூயோர்க்கில் ஒழுங்காக வெளிவரத் தொடங்கிய பின்னரே அது நாடறிந்தது. நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகை மட்டும் நெடுநாள் மறுத்து நின்றது. 1984 இல் அதற்குச் சோதனை வந்தது. அமெரிக்க உப ஜனாதிபதிப் பதவிக்குப் போட்டியிட்ட ஜெரால்டீன் பெராரோ மணமானவர். ஆனால் பிறந்த வீட்டுப் பெயரையே வைத்திருந்தார். 'மிஸ் பெராரோ' என்றால் மணமாகாதவர் ஆகிவிடுவார். 'மிஸிஸ் பெராரோ' என்றால் பெராரோ என்ற ஒருவரின் மனைவியாகிவிடுவார். அப்படி ஒரு கணவர் இல்லை! 1986 இல் அப்பத்திரிகை இறங்கி வந்தது.

மீண்டு வந்த 'தே'

இதற்கிடையில், வெட்டப்பட்ட 'தே' பேச்சிலே பத்திரமாக இருந்தது. 'ஹீ ஓர் ஷீ' என்று இரண்டையும் எழுதிப் பார்த்தவர்களுக்குக் கையும் வாக்கியமும் சலித்தன. மெல்ல மெல்லப் பத்திரிகைகளும் நிறுவனங்களும் 'தே'யை எழுத்திலும் அனுமதித்தன. பிரித்தானிய அரசே 2007 இல், புதிய சட்டங்களில் ஆண்பாற் சொல்லைப் பொதுச்சொல்லாக வைத்து எழுதும் வழக்கத்தைக் கைவிடுவதாக அறிவித்தது. 1850 ஆம் ஆண்டின் ஏற்பாடு முடிவுக்கு வர 157 ஆண்டுகள் சென்றன.

பூசல் அத்துடன் ஓயவில்லை. தம்மை ஆண் என்றோ பெண் என்றோ வகுத்துக்கொள்ளாதவர்கள், தம்மைத் 'தே' என்றே சுட்டுமாறு கேட்கின்றனர். இங்கே 'தே' என்பது யாரென்று அறியாத 'எவரோ ஒருவர்' அன்று. பெயரும் முகமும் தெரிந்த இன்னார். 2019 இல் மெரியம் வெப்ஸ்டர் அகராதி இப்பொருளைச் சேர்த்து, அதனையே அவ்வாண்டின் சொல்லாகவும் தெரிந்தெடுத்தது. அமெரிக்க உளவியற் சங்கத்தின் எழுத்துநடைக் கைநூலும் அதே ஆண்டில் ஏற்றுக்கொண்டது. ஆராய்ச்சிக் கட்டுரை எழுதும் மாணாக்கர் பலர் பின்பற்றும் நூல் அது.

எதிர்ப்பு இன்றும் உண்டு. ஒருவருக்குப் பன்மைச் சொல்லைக் கொடுத்தால் மொழி கெட்டுவிடும் என்கின்றனர். 1660 இல் ஜோர்ஜ் பொக்ஸ் 'யூ'வைப் பற்றிச் சொன்னதும் இதுவே. அதைச் சொல்லும் வாயாலேயே அவர்கள் ஒருவரைப் பார்த்து 'யூ ஆர்' என்கின்றார்கள். 'யூ இஸ்' என்பதில்லை. ஆகவே இலக்கண வாதத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் வேறொரு குறை மெய்யானது. ஒருவரும் ஒரு கூட்டமும் சேர்ந்து வரும் நீண்ட செய்தியில், 'தே' என்றால் அவ்வொருவரா, கூட்டமா என்று வாசகர் தடுமாறுகின்றனர். நமக்கும் இத்தடுமாற்றம் ஒருகாலத்தில் ஏற்பட்டிருக்க வேண்டும். 'அவர்' ஒருமைக்குப் போனதும் பன்மைக்கு 'அவர்கள்' என்று ஒட்டுப் போட்டுக்கொண்டோம். அதையும் 'தலைவர் அவர்கள்' என்று மேடையில் ஒருவருக்கே கொடுத்துத் தீர்த்துவிட்டோம்!

எல்வூட்டின் வீட்டை மீண்டும் நினைத்துப் பார்க்கின்றேன். இன்று வெளிநாடுகளில் உள்ள வீடுகள் சிலவற்றில், நம்மவர் வீடுகளிலும், இதே சொல்லடி நடக்கின்றது. இடங்கள் மட்டும் மாறியுள்ளன. அன்று தந்தை கேட்டது, என்னை மதிக்கும் சொல்லால் அழை என்பது. இன்று பிள்ளை கேட்பதும் அதுவே. கேட்பவர் இளையவர் என்பதனால் மட்டும் அது சிறு விடயமாகிவிடாது. தமிழிலே மூத்த மருமகனை ஒருமையில் அழைத்த ஒரு சொல்லுக்காக ஆண்டுக்கணக்கில் படியேறாத குடும்பங்களை அறிந்த நாம், ஒரு சொல்லில் என்ன இருக்கின்றது என்று சிரித்துவிட்டுப் போக முடியுமா?

நம் மாணாக்கர்க்கு இதனால் நேரும் சங்கடம் வேறு வகையானது. எனக்குத் தெரிந்த மாணவி ஒருத்தி வெளிநாட்டுச் சர்வகலாசாலை ஒன்றின் துறைத்தலைவருக்கு விண்ணப்பம் எழுதினாள். தொடக்கம் 'டியர் சேர்'. நடுவில் மேற்பார்வையாளர் எவராயினும் 'ஹீ'. அவளுடைய பாடப்புத்தகத்தின்படி ஒரு பிழையும் இல்லை. துறைத்தலைவரோ பெண்மணி; பெயரைக் கொண்டு அறிய முடியாதபடி அமைந்த பெயர். பண்போடுதான் பதில் வந்தது. ஆயினும் கையொப்பத்தின் கீழ், தம்மை எந்தப் பிரதிப்பெயராற் சுட்ட வேண்டும் என்ற சிறு குறிப்பும் இருந்தது. இக்காலத்து மின்னஞ்சல்களில் அவ்வாறு எழுதுவது பரவலான வழக்கம். அதனைக் கண்டனம் என்று எண்ணி அவள் இரண்டு நாள் உறங்கவில்லை. 'டியர் சேர்' என்பதற்குப் பதிலாகப் பதவிப் பெயரையோ முழுப் பெயரையோ எழுதிவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

பரீட்சை எழுதுவோர்க்கு இன்னொரு வழி உண்டு. விடைத்தாளைத் திருத்துபவர் மறேயின் பக்கமா, மெரியம் வெப்ஸ்டரின் பக்கமா என்று மாணாக்கர் அறியார். 'ஒவ்வொரு மாணவரும்' என்று தொடங்காமல் 'மாணவர் யாவரும்' என்று வாக்கியத்தைப் பன்மையிலேயே தொடங்கிவிட்டால், 'தே' இயல்பாக வந்து அமரும். இரு கட்சியாரும் வாய் திறவார்.

'யூ' ஒருமையா, பன்மையா என்பதைப் பொதுவழக்கு ஆங்கிலம் இன்றும் ஓரிடத்தில் ஒளிக்காமற் காட்டுகின்றது. ஒருவரை நோக்கின் 'யுவர்செல்ப்'. பலரை நோக்கின் 'யுவர்செல்வ்ஸ்'. 'தே' ஒருவருக்கு உரியதாகும்போது அதற்கும் அப்படி ஓர் ஒருமை வேண்டும் அன்றோ? 'தெம்செல்ப்' என்ற வடிவம் முன்னொரு காலத்தில் வழங்கி, 1500களில் மறைந்து, கடந்த நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் மறுபடியும் தலைகாட்டியுள்ளது. அகராதிகள் அதனைப் பதிந்துவிட்டன; ஆசிரியர்கள் பலர் இன்னும் சிவப்பு மையால் வெட்டுகின்றனர்.